விரல் நுனியில் ஒரு விளக்கு

விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குச் செல்லும் தோழர்கள் ஒரு சிறு சோதனையை எளிதாகச் செய்து பார்க்கலாம். விளக்கைக் கழற்றி, அதன் முகத்தை விரல் நுனியால் மூடிப் பாருங்கள். உள்ளே செல்வது வெள்ளை ஒளி. விரலின் மறுபுறத்தில் தெரிவதோ செவ்வொளி. வெள்ளை ஒளியில் அடங்கியுள்ள நீலத்தையும் பச்சையையும் நமது தசையும் இரத்தமும் விழுங்கிவிடுகின்றன. சிவப்பு மட்டும் ஓரளவு தப்பி வெளியே வருகின்றது.

சிறுவர்கள் விளையாட்டாகச் செய்யும் இச்செயலில்தான் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படும் ஒரு கருவியின் அடிப்படை அடங்கியிருக்கின்றது. துணி உலர்த்தும் கிளிப்பைப் போன்ற அக்கருவியை விரலில் மாட்டினால், சில நொடிகளில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று நிமிடத்திற்கு எத்தனை முறை நாடி துடிக்கிறது என்பது. மற்றொன்று இரத்தம் சுமந்து செல்லும் பிராணவாயுவின் அளவு. பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது அதன் பெயர். ஆக்சிமானி என்று நாம் சுருக்கமாக அழைப்போம்.

ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் சுகாதாரம் பற்றி நாம் உரையாடிக்கொண்டிருந்தபோது, பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் எழுந்து, “ஐயா, ஊசி குத்தாமல், ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல், விரலில் மாட்டிய மாத்திரத்தில் அது சொல்லிவிடுகிறதே, அது மெய்தானா? அதை நம்பலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் உண்மையில் இரண்டு கேள்விகள். அது மெய்தானா என்பதற்கு விடை, ஆம் என்பதே. நம்பலாமா என்பதற்கு, அதன் இயல்பை அறிந்துகொண்டு நம்பலாம் என்பதே விடை. இவ்விரு விடைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்தத்தின் நிறம் சொல்லும் செய்தி

நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவை நுரையீரலிலிருந்து உடலெங்கும் எடுத்துச் செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். இரத்தத்திற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பதும் அதுவே. பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது ஹீமோகுளோபின் செக்கச்சிவந்து காணப்படும். அச்சுமையை இறக்கிவிட்டபின் கருஞ்சிவப்பாக மாறிவிடும். ஆகவே, இரத்தத்தின் நிறத்தைத் துல்லியமாக அளக்க முடியுமானால், அது சுமந்திருக்கும் பிராணவாயுவையும் அளந்துவிடலாம்.

ஆக்சிமானியின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று சிவப்பு ஒளியை வீசுவது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 660 நானோமீட்டர். மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுவது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 940 நானோமீட்டர். பிராணவாயு இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை மிகுதியாக விழுங்கும். பிராணவாயு நிறைந்த ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரிதும் விட்டுவிட்டு, அகச்சிவப்பை மிகுதியாக விழுங்கும். இரு விளக்குகளும் மாறிமாறி மிக வேகமாக எரிந்து அணைய, எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒளி உணரி ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஒளி விரலைக் கடந்து வந்தது என்று கணக்கிடுகின்றது.

ஒளி கடந்து வரும் வழியில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், தசை, எலும்பு, நகம் ஆகியனவும் இருக்கின்றனவே! அவையும் ஒளியை விழுங்குமே! இவ்வையம் நியாயமானதே. ஆனால் தோலும் எலும்பும் துடிப்பதில்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் விரலின் நாளங்களில் புது இரத்தம் பாய்ந்து, அந்நொடியில் கடந்து வரும் ஒளி சற்றே குறைகின்றது. அடுத்த கணம் மீண்டும் கூடுகின்றது. இவ்வாறு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், இதயத்திலிருந்து புதிதாக வந்த இரத்தத்தின் செய்தி மட்டும் கிடைத்துவிடும். நாடித் துடிப்பை எண்ணிச் சொல்வதும் இதனால்தான்.

இடையூறே வழிகாட்டிய கதை

விரலின் அல்லது காதின் வழியே ஒளியைச் செலுத்தி இரத்தத்தை ஆராயும் முயற்சி புதியதன்று. 1940-களிலேயே உயரப் பறக்கும் விமானிகளுக்காகக் காதில் பொருத்தும் கருவிகள் செய்யப்பட்டன. ஆயினும், தோலையும் தசையையும் கணக்கிலிருந்து நீக்கும் எளிய வழி அப்போது கிடைக்கவில்லை.

அவ்வழியைக் கண்டவர் ஜப்பானிய நாட்டுப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. நிஹோன் கோஹ்டென் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் முதலில் தேடியது வேறொன்று. இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காதின் வழியே செல்வதை ஒளியால் கவனித்து, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க அவர் முயன்றார். நாடித் துடிப்பு அவருடைய அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதனை அகற்றுவதற்காக இன்னோர் அலைநீள ஒளியையும் சேர்த்துப் பார்த்தார். அப்போதுதான், பிராணவாயுவின் அளவு மாறும்போது அத்துடிப்பின் கணக்கும் மாறுவதை உணர்ந்தார். களையென்று பிடுங்கப் போன செடியே மருந்துச் செடியாக அமைந்தது போலாயிற்று அது. 1974-இல் அவர் தம் கண்டுபிடிப்பை ஜப்பானில் அறிவித்தார். 1980-களில் இக்கருவி அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் இடம்பெற்றது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியின் மூச்சு தடைப்படுவதை மருத்துவர் உடனே அறிந்து உயிரைக் காக்க அது துணை செய்தது.

உலகமெங்கும் கோவிட்-19 நோய் பரவி, அவர் ஆராய்ந்த கருவி இல்லந்தோறும் தேடப்பட்ட 2020-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் அயோயாகி காலமானார்.

கண்ணுக்குத் தெரியாத குறை

பிராணவாயு குறைந்தால் உதடும் நாக்கும் நீலம் பாரிக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்நிறமாற்றம் காலங்கடந்தே புலப்படும். 1947-இல் வெளியான ஓர் ஆய்வில், பிராணவாயுவின் அளவு நூற்றுக்கு எண்பதை ஒட்டி இறங்கும் வரையில், பார்த்தவர்களுள் பலரால் நீல நிறத்தை உறுதியாகக் காண முடியவில்லை. கருநிற மேனி கொண்ட நம்மில் பலருக்கு அதனைக் கண்டறிவது இன்னும் கடினம்.

மூச்சுத் திணறலையும் முழுமையாக நம்பியிருக்க இயலாது. நமக்கு மூச்சு முட்டுவது போன்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயுவே. கோவிட் நோயாளர் சிலருக்கு நுரையீரல் பழுதுற்றுப் பிராணவாயு குறைந்தபோதிலும், கரியமில வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தது. அதனால் அவர்கள் திணறவில்லை, பேசினார்கள், நடந்தார்கள். உள்ளே அளவு இறங்கிக்கொண்டிருந்தது அவர்களுக்கே தெரியவில்லை.

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நமது நாடு அனுபவித்த துயரை நாம் மறந்திருக்க மாட்டோம். கிள்ளான் பள்ளத்தாக்கோடு நெகிரி செம்பிலான் மாநிலமும் அந்நோயால் கடுமையாகத் தாக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 26-ஆம் நாள், நாடு முழுவதிலும் ஒரே நாளில் 24,599 பேருக்குப் புதிதாக நோய் கண்டது. மருத்துவமனைகளில் இடமின்மையால், இலேசான அறிகுறிகளோடு இருந்தவர்கள் வீட்டிலேயே தங்கவைக்கப்பட்டு, கோவிட்-19 மதிப்பீட்டு மையங்களின் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். வீட்டில் இருப்போர் தம் பிராணவாயு அளவைப் பார்த்துக்கொள்ள ஆக்சிமானி பயன்பட்டது. மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே உயிர் பிரிந்தோரும் அக்காலத்தில் பலர். உரிய நேரத்தில் புறப்படுவது எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்விழப்புகள் நமக்கு உணர்த்தின.

தமிழ்நாட்டிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 2020 ஆகஸ்டில் அம்மாநில அரசு வீட்டுப் பராமரிப்புத் திட்டமொன்றைத் தொடங்கி, 2,500 ரூபாய்க் கட்டணத்தில், வெப்பமானி, முகக்கவசம், மருந்து ஆகியவற்றுடன் ஆக்சிமானி ஒன்றும் அடங்கிய பொதியை நோயாளர் வீட்டுக்கு வழங்கியது. பதினான்கு நாட்களுக்கு உரிய திட்டம் அது.

நூற்றுக்கு எத்தனை என்பதன் பொருள்

ஆக்சிமானி காட்டும் எண் விழுக்காட்டைக் குறிப்பது. கடல் மட்டத்தை ஒட்டிய நம் பகுதிகளில் நலமாக உள்ளவருக்கு அது பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும். 97 என்று காட்டினால், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றில் 97 பங்கு பிராணவாயுவைச் சுமந்திருக்கிறது என்பது பொருள். ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

இவ்வேறுபாட்டை நமது தோழர்களுக்கு விளக்க வேறெங்கும் போக வேண்டுவதில்லை. வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும், ஸ்டோரில் அதன் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் விழுக்காட்டையும் பார்க்கிறார்கள். எடையும் விழுக்காடும் சேர்ந்தாலன்றி உண்மைக் கணக்கு கிடைக்காது. ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கூலியில் பிழை நேரும். இரத்தத்தின் கணக்கும் அத்தகையதே. ஆக்சிமானி விழுக்காட்டைச் சொல்லும். அளவைச் சொல்ல வேறு சோதனை வேண்டும்.

இதனால் விளைவது யாது? இரத்தச் சோகை உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்திருக்கலாம். ஆனால் இருக்கும் பாதி முழுமையாகச் சுமை ஏற்றியிருந்தால், ஆக்சிமானி 98 என்றோ 99 என்றோ காட்டும். அவரோ மேட்டில் நாலடி ஏறினால் களைத்துப் போவார், தலை சுற்றும், முகம் வெளிறும். ‘எண் நன்றாகத்தான் இருக்கிறது, சோம்பல்தான் காரணம்’ என்று அவரைக் கடிந்துகொள்வது அறியாமை. தோட்டங்களில் ஒரு காலத்தில் கொக்கிப் புழுவினால் இரத்தச் சோகை பெருகியிருந்ததை மூத்தவர்கள் அறிவர். இன்றும் கருவுற்ற தாய்மார்களிடம் இக்குறை காணப்படுகின்றது.

ஹீமோகுளோபினின் அளவை அறிய, சுகாதார கிளினிக்கில் விரலில் இலேசாகக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். சிறு கண்ணறை ஒன்றில் அத்துளியை வைத்து, அதனூடே ஒளியைச் செலுத்தி அளக்கும் கையடக்கக் கருவிகளும் உண்டு. அதுவும் ஒளியின் தொண்டே. கருவுற்ற பெண்ணுக்கு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அது சோகை எனக் கொள்ளப்படும். ஆகவே, தாய்மார்கள் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது உட்கொள்வதோடு, குறித்த நாளில் இரத்தச் சோதனைக்கும் செல்ல வேண்டும்.

நமது மேனி நிறமும் கருவியின் கணக்கும்

இப்போது நமது சமூகத்தவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு செய்திக்கு வருகிறோம். தோலுக்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதுவும் ஒளியை விழுங்கும். தோல் துடிப்பதில்லையாதலால் அது கணக்கைப் பாதிக்காது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நடைமுறையில் அவ்வாறு அமையவில்லை.

2020 டிசம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமானி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளர்களின் இரத்தத்தை நேரடியாக எடுத்துச் சோதித்தபோது, வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளுள் நூற்றுக்கு 3.6-இல் உண்மையான அளவு 88-க்கும் கீழாக இருந்தது. கறுப்பினத்தவரிடம் எடுத்த அளவீடுகளுள் அவ்வாறு இருந்தவை நூற்றுக்கு 11.7. அதாவது, ஏறத்தாழ மும்மடங்கு. கருவி ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, நோயாளி அபாயத்தில் இருந்திருக்கிறார்.

இதற்கு ஒரு காரணத்தை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒளியின் அளவிலிருந்து பிராணவாயுவின் விழுக்காட்டைக் கணிக்கும் அட்டவணை, நலமுள்ள தன்னார்வலர்களைச் சோதித்துத் தயாரிக்கப்படுவது. அவர்களுள் கருநிற மேனி உடையோர் சிலரே இருப்பின், அட்டவணை நமக்குச் சரியாகப் பொருந்தாது. 2013-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டலோ, சோதனைக்குரிய குறைந்தது பத்துப் பேரில் இருவர் கருநிற மேனியராக இருந்தால் போதும் என்று கருதியது. குறை வெளிப்பட்டபின், 2021-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பிரிட்டனில் 2024 மார்ச்சில் வெளியான தனிக் குழுவின் அறிக்கையும் இக்குறையை உறுதி செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட புதிய வரைவு, பல்வேறு மேனி நிறம் கொண்ட இன்னும் அதிகமானோரிடம் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று கூறுகின்றது.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். இது இனத்தைப் பற்றிய செய்தியன்று, நிறமியைப் பற்றியது. தமிழருள்ளும் மாநிறத்தவர் உண்டு, கருநிறத்தவர் உண்டு. கருநிறம் ஒரு நோயுமன்று, குறையுமன்று. குறை கருவியின் சோதனையில் இருந்தது. இதற்காகக் கருவியைத் தூக்கி எறியவும் வேண்டுவதில்லை. அது காட்டும் எண்ணில் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்பதை நினைவில் கொண்டு படித்தால் போதும். கருவி 90 என்று காட்டும்போது, உண்மை அளவு 86 முதல் 94 வரை எதுவாகவும் இருக்கலாம் என அமெரிக்க நிர்வாகமே விளக்கியுள்ளது.

கருவியைத் தடுமாறச் செய்வன

மேனி நிறமன்றி வேறு சிலவும் கருவியைத் தடுமாறச் செய்யும். மழையில் நனைந்து விறைத்த கையில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். கருவி எண்ணைத் தேடித் தத்தளிக்கும். நகப்பூச்சும், கறுப்பு மருதாணிச் சாயமும் ஒளியை மறைக்கும். விரலில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்ப் பாலையும் கழுவிவிட வேண்டும். கை அசைந்தாலும், கொளுத்தும் வெயில் நேரே கருவியின் மேல் விழுந்தாலும் எண் பிழைபடும்.

இவற்றினும் கொடியது புகை. ரப்பர்ச் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் அறையிலோ, கதவடைத்த அறையில் அடுப்புக்கரியோ ஜெனரேட்டரோ எரியும் இடத்திலோ கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரக்கூடும். அது பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டிய இரத்தமும் செக்கச்சிவந்தே இருக்கும். இரண்டு விளக்குகள் மட்டும் கொண்ட சாதாரண ஆக்சிமானி அதனைப் பிராணவாயு என்றே எண்ணிக்கொண்டு, சாகும் தறுவாயில் இருப்பவருக்கும் 98 என்று காட்டிவிடலாம். ஆகையால், புகை சூழ்ந்த இடத்தில் ஒருவர் தலைவலி, மயக்கம், வாந்தி என்று விழுந்தால், கருவியைத் தேடிக்கொண்டிராமல் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். மீட்கச் செல்பவர் அந்தப் புகையில் தாமும் சிக்கிக்கொள்ளாமல் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

முறையாகப் பார்ப்பது எப்படி?

கருவியைப் பயன்படுத்தும் முறையை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவதாக, வேலை செய்த களைப்போடு உடனே பார்க்கக்கூடாது. ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறுங்கள். கையைக் கழுவித் துடைத்து, தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, நடுவிரலிலோ சுட்டுவிரலிலோ நகம் மேற்புறமாக இருக்குமாறு கருவியை மாட்டி, கையை நெஞ்சளவில் வைத்து அசையாமலும் பேசாமலும் இருங்கள். முதலில் தோன்றும் எண்ணைக் கொள்ளாமல், ஒரு நிமிடம் வரை பொறுத்து, நிலைத்து நிற்கும் எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, நலமாக இருக்கும் நாளிலேயே உங்களுக்கு உரிய எண் எது என்று அறிந்து வையுங்கள். ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், பிராணவாயு, நாடி ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். ஒரு நாளைய எண்ணைவிட, அது நாளுக்கு நாள் எப்பக்கம் செல்கிறது என்பதே முக்கியம். எப்போதும் 99 காட்டும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டபின் 97, 96, 95 என்று இறங்கி வருமானால், 95 என்பது நல்ல எண்தானே என்று வாளாவிருத்தல் ஆகாது. கருநிற மேனியருக்கு இவ்வொப்பீடு பெருந்துணை புரியும்; கருவி சற்றுக் கூட்டிச் சொன்னாலும், இறங்குமுகத்தை அது மறைப்பது அரிது.

நான்காவதாக, ஓய்வில் அமர்ந்திருக்கும்போதே எண் 95-க்குக் கீழே சென்றால் மருத்துவரை நாடுங்கள். 90-ஐ நெருங்கினாலோ அதற்குக் கீழே இறங்கினாலோ அது அவசர நிலை. அதன்பின் வீழ்ச்சி விரைந்து நிகழக்கூடும். நெடுநாள் நுரையீரல் நோய் உடையவர்களுக்கு மட்டும் எல்லை வேறாக இருக்கலாம். அவர்கள் தமக்குரிய எண்ணைத் தம் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, மிக முக்கியமானது: எண்ணும் உடலும் முரண்பட்டால் உடலையே நம்புங்கள். மூச்சு வாங்குதல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, நெஞ்சு வலி, மனக்குழப்பம், எழுப்பினால் எழ முடியாத அளவு தூக்கம், உதடோ நாக்கோ நீலம் அல்லது சாம்பல் நிறமடைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், கருவி 99 என்று காட்டினாலும் காத்திருக்க வேண்டாம்.

தோட்டத்தில் வாழ்வோருக்குத் தூரமும் ஒரு நோய் போன்றதே. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே நேரமாகும். ரந்தாவ் வட்டாரத்தார் ரந்தாவ் சுகாதார கிளினிக்கை நாடலாம். கடும் நோயாளர் சிரம்பானிலுள்ள துவாங்கு ஜாஃபர் மருத்துவமனைக்கோ போர்ட்டிக்சன் மருத்துவமனைக்கோ கொண்டு செல்லப்படுவர். 999 என்ற எண்ணை அழைக்கும்போது தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், எந்த நுழைவாயில் வழியாக வர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் சாலை முகப்பில் விளக்கோடு நின்று ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழிகாட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வாங்குமுன் சிந்தியுங்கள்

நமது நாட்டில் மருத்துவக் கருவிகள் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்கீழ் (சட்டம் 737) பதிவு செய்யப்பட வேண்டியவை. ஆக்சிமானி வாங்க விரும்புவோர் மலிவு விலையில் மயங்காமல், பதிவு பெற்ற கருவிதானா என்று மருந்தகத்தில் கேட்டு வாங்குதல் நன்று. ஒளி உணரி இல்லாத கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு செயலியை இறக்கி வைத்துக்கொண்டு பிராணவாயுவை அளந்துவிட்டதாக நம்புவது ஆபத்தானது.

இளைஞர் பலர் மணிக்கட்டில் அணியும் நவீனக் கடிகாரங்களின் அடிப்பகுதியில் பச்சை ஒளி மினுக்குவதைக் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை மிகுதியாக விழுங்கும் என்னும் அதே நியதியைக் கொண்டு அவை நாடியை எண்ணுகின்றன. நடைப்பயிற்சிக்கு அவை துணையாகலாம். ஆனால், குத்தாமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளப்பதாகக் கூறி விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பலாகாது. அத்தகைய எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. நீரிழிவு மிகுந்துள்ள நமது சமூகத்தில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டுவது. பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டுவதும் குறைப்பதும் உயிருக்கே கேடாக முடியும்.

முடிவாக

அந்த அம்மையாரின் கேள்விக்கு மீண்டும் வருவோம். அவருடைய விரலில் நாம் கருவியை மாட்டியபோது எண் தோன்றவில்லை. கை சில்லிட்டிருந்தது. இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி மாட்டிய பின்னரே 97 என்று நிலைத்தது. “அப்படியென்றால் நாம் சரியாக வைத்தால்தான் அதுவும் சரியாகச் சொல்லும்” என்றார் அவர். இக்கட்டுரையில் நாம் இதுவரை கூறியவற்றின் சாரம் அவ்வொரு வாக்கியத்திலேயே அடங்கிவிட்டது.

இருளில் மரத்தின் பட்டையைக் காட்டுவது நெற்றி விளக்கு. எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதை அறிந்திருப்பது வெட்டுபவரின் கை. விரல் நுனி விளக்கும் அவ்வாறே. உடலுக்குள் நிகழ்வதை அது காட்டும். அதைக் கண்டு உரிய நேரத்தில் எழுந்து புறப்பட வேண்டியவர் நாமே. நலமாக இருக்கும் இந்நாளிலேயே கிளினிக்குக்குச் சென்று, நமக்குரிய எண்களைக் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. நோய் வரும் நாளில் அவ்வேடு வீட்டிலுள்ள அனைவருக்கும் வழிகாட்டும்.